முதற்படி

ஆரணிப் பட்டின் அழகை மெச்சுவோர், குழித்தறியில் கால் வைத்து நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நெசவாளியை நினைப்பதுண்டோ? முந்தானையைப் போற்றுவர், பாவு பூட்டிய கையை மறப்பர். அரசியலிலும் அதே கதைதான்! நாடாளுமன்றத்தை அண்ணாந்து பார்ப்பர்; ஊர் மன்றத்தை எண்ணி, "கவுன்சிலர்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவர்.

உதட்டைப் பிதுக்குவோரே, கரூரைக் காணுங்கள்! மகளிர்க்கு மூன்றிலொரு பங்கு இடம் என்ற சட்டத்தின்கீழ் 1996இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், ஜோதிமணி எனும் இளம்பெண் ஊராட்சி ஒன்றிய உறுப்பினரானார். 2011இல் அரவக்குறிச்சியில் தோல்வி. 2014இல் கரூரில் தோல்வி. துவண்டாரா? இல்லை! 2019இல், மக்களவைத் துணைத் தலைவராக இருந்த தம்பிதுரையை நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்; 2024இலும் வென்றார். ஒன்றிய மன்றத்திலிருந்து டெல்லிக்கு 23 ஆண்டு நடை!

அந்த முதற்படியையே பெயர்த்தெடுத்தால்? தமிழகத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகராட்சித் தேர்தலோ 2022 பிப்ரவரியில்தான் வந்தது. ஐந்தாண்டுக்கு மேல் ஆரணி நகராட்சியிலும் உறுப்பினர் இல்லை, ஆண்டது அதிகாரி! குழாயில் நீர் வராவிடில் எவர் கதவைத் தட்டுவது? அதனினும் பெரிய கேள்வி: அந்த ஆண்டுகளில் முளைக்காமலே போன தலைவர்கள் எத்தனை பேர்?

2009 முதல் ஆரணியின் பெயரிலேயே மக்களவைத் தொகுதி உண்டு. அங்கே நாளை ஒரு தறிக்காரர் மகள் நிற்க வேண்டுமானால், இன்று அவள் வார்டில் நிற்க வேண்டும். பாவின்றி ஊடை ஓடாது. ஊர் மன்றத் தேர்தலை ஒருநாளும் தள்ளிப்போட விடோம் என்று முழங்குவோம்!