வேள்விப் பீடமும் செங்கல்லும்

முக்கோணத்திலும் வட்டத்திலும் அண்டத்தின் மறைசக்தி உறைகின்றது என்றும், அவ்வடிவங்களை முறைப்படி அமைத்த பீடம் வேண்டுவோர்க்கு வேண்டியதை ஈயும் என்றும் கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். 'புனிதக் கேத்திரகணிதம்' என்பது அவர்கள் இதற்குச் சூட்டும் பெயர். தம் கூற்றுக்கு அரணாக அவர்கள் காட்டுவது வேதகால வேள்விப் பீடத்தை. எனவே அப்பீடத்தையே ஆராய்வோம்.

பீடம் அமைக்கும் விதிகளைக் கூறுவன சுல்வ சூத்திரங்கள். 'சுல்வம்' என்பதன் பொருள் கயிறு. கயிறும் முளையும் செங்கல்லுமே இக்கலையின் கருவிகள். அக்கினிசயனத்தின் பருந்து வடிவப் பீடம் ஐந்து அடுக்குகள் கொண்டது. அடுக்குக்கு 200 ஆக 1000 கற்கள். பரப்பு ஏழரைச் சதுர புருஷம். புருஷம் என்பது யாது? வேள்வி செய்விப்போன் கைகளை உயர்த்தி நிற்கும் உயரம். அண்டத்தின் மாறா அளவு எனப் போற்றப்படுவது, செலவு செய்யவல்ல ஒருவனின் உடலளவேயாம்!

சுவர்க்கம் வேண்டுவோனுக்குப் பருந்து, உணவு வேண்டுவோனுக்குத் தொட்டி, பகைவரை ஒழிக்க விழைவோனுக்கு முக்கோணம் என வடிவங்கள் வகுக்கப்பட்டன. வடிவம் மாறினும் பரப்பு மாறலாகாது என்ற நியதி கணிதத்தைத் தூண்டியது என்பதை மறுப்பதற்கில்லை. பௌதாயனர் நூல் கூறும் 2இன் வர்க்கமூலம் 577/408 ஆகும். ஐந்து தசமதானங்கள்வரை அது சரியானது. வட்டத்தைச் சதுரமாக்க விட்டத்தில் 13/15 பங்கைப் பக்கமாகக் கொள்ளுமாறு அதே நூல் விதிக்கின்றது. அதன்படி 'பை' ஏறத்தாழ 3.004 ஆகி வழுவுகின்றது. முன்னது நுட்பமானது, பின்னது பருமட்டானது என நாம் அறிவது மந்திரத்தாலன்று, அளவையால். பகைவன் ஒழிந்தானா என்பதை எக்கயிறு கொண்டு அளப்பது?

சடங்கே கேத்திரகணிதத்தின் பிறப்பிடம் என 1962இல் ஏப்ரகாம் சைடன்பேர்க் வாதிட்டார். சிந்துவெளிச் செங்கல் தொழிலையே மூலமாகக் கொண்டு 1986இல் தேவிபிரசாத் சட்டோபாத்தியாய அதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். இரு மரபுகளுக்குமிடையிலான தொடர்ச்சி ஐயமற நிறுவப்பட்டுவிட்டது என நாம் கூறவில்லை. ஆயின், சூத்திரங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே 1:2:4 என்ற விகிதத்தில் அங்கு கல் அறுக்கப்பட்டது என்பது அகழ்வாய்வு தரும் உண்மை. மண்ணைக் குழைத்துக் கல் அறுத்தவனுக்கு விகிதம் தெரிந்திருந்தது. அவன் பெயரை எச்சூத்திரமும் கூறவில்லை.

மறைவிதிகள் மாறாதன என்பார்க்கு மற்றொரு செய்தி. 1975 ஏப்ரிலில் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் இவ்வேள்வியை நடத்தியபோது, பொதுமக்களின் எதிர்ப்புக் காரணமாக ஆடுகளுக்குப் பதில் அரிசிமாவினாலான பண்டங்களே பலியிடப்பட்டன. விதியை வகுத்தோரும் மனிதர். அதனை மாற்றியோரும் மனிதர்.

முன்னோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்தம் அறிவை மந்திரமாக்குவோரே அவர்களைப் பழிக்கின்றனர். கையும் கண்ணும் பல்லாண்டு உழைத்துக் கண்டதை வடிவத்தின் அருளெனக் கூறுவது உழைத்தவனிடமிருந்து அவன் அறிவைப் பறிப்பதாகும். பல்கலைக்கழகத்திற் பயில்வோர் இப்பறிப்புக்குத் துணைபோகலாகாது. பீடத்தின் முன் கைகூப்புவதற்கு முன், அதன் கல்லை அறுத்தவன் யார் எனக் கேட்போமாக.