பாதி தெரிந்த சொல்லை நம்பிக் கையொப்பமிடலாமா?

தெரியாத ஆங்கிலச் சொல்லால் நமது வியாபாரிகள் நட்டப்படுவது குறைவு. தெரியாவிட்டால் மகனிடம் கேட்போம், பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்போம். தெரிந்த சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. அதற்கு ஒரு கருத்து நமக்குத் தெரியும். அதை நம்பிக் கையொப்பமும் இட்டுவிடுவோம். அந்தப் பத்திரத்திலோ அச்சொல் வேறொரு கருத்தில் நின்றிருக்கும்.

இதற்கு 'இன்ட்ரஸ்ட்' என்ற ஒரு சொல்லே போதும். நமது சமூகத்தில் இச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வட்டி. வட்டி ஹராம் என்பதால் அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலேயே ஒதுங்கிக்கொள்வோம். ஆனால் ஆங்கிலத்தில் அது வட்டி மட்டுமல்ல. பிள்ளைக்குப் படிப்பில் உள்ள ஆர்வமும் இன்ட்ரஸ்ட்தான். ஊரின் நலனும் இன்ட்ரஸ்ட்தான். ஒரு காணியில், ஒரு கட்டடத்தில், ஒரு சரக்கில் ஒருவருக்குள்ள உரித்தும் இன்ட்ரஸ்ட்தான். தமிழில் நான்கு சொற்கள் செய்யும் வேலையை அங்கே ஒரே சொல் செய்கிறது.

வாடகைக் கடையில் வியாபாரம் செய்யும் ஒருவர் சரக்கைக் காப்புறுதி செய்யப் போனார். இந்தப் பொருளில் உமக்குள்ள இன்ட்ரஸ்ட் என்ன என்று படிவத்தில் ஒரு கேள்வி. அவர் வட்டி வாங்காதவர், கொடுக்காதவர். நிம்மதியாக 'இல்லை' என்று எழுதிவிட்டார். பின்னர் மழைவெள்ளம் கடைக்குள் புகுந்து சரக்கு நனைந்தது. நட்டஈடு கேட்டபோது, பொருளில் உமக்கு உரித்து இல்லை என்று நீரே எழுதியிருக்கிறீரே என்றார்கள். காப்புறுதியின் அடிப்படை விதிகளில் இது ஒன்று. பொருள் அழிந்தால் யாருக்கு நட்டமோ அவர்தான் அதைக் காப்புறுதி செய்யலாம். தகாபுலிலும் இந்த அடிப்படை உண்டு. கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளையும் கடை வாடகை ஒப்பந்தத்தையும் காட்டிச் சரக்கு தன்னுடையதே என்று நிரூபிக்க அந்த மனிதருக்குப் பல மாதங்கள் சென்றன. கடை மூடிக் கிடந்த மாதங்களின் கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

உறுதி எழுதும்போது இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் இருந்தபடியே யாழ்ப்பாணத்துக் காணிகளை விற்கவும் பிள்ளைகளுக்கு எழுதவும் நேர்ந்தது. வெளியூரில் எழுதும் உறுதி பல வேளைகளில் ஆங்கிலத்தில் அமையும். முதியவர் ஒருவர் தமது வீட்டை மகளுக்கு நன்கொடையாக எழுத வந்தார். உறுதியை வாசித்துக் காட்டியபோது 'லைஃப் இன்ட்ரஸ்ட்' என்ற சொல் வந்தது. "எனக்கு அந்த ஹராம் வேண்டாம், வெட்டிவிடுங்கள்" என்றார். ஏன் என்று நொத்தாரிசு கேட்டதால் அவர் தப்பினார். யாழ்ப்பாணத்துத் தமிழ் உறுதிகளில் நாம் சீவிய உரித்து என்று எழுதுவது அதைத்தான். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் வருமானத்தை எடுக்கவும் உள்ள உரிமை. அதை வெட்டியிருந்தால் சொந்த வீட்டில் மகளின் தயவில் இருக்க வேண்டியவராகியிருப்பார்.

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை கருத்து? இலத்தீன் மூலத்தில் இச்சொல்லுக்கு 'இடையில் இருப்பது' என்று பொருள். ஒரு விடயத்துக்கும் நமக்கும் இடையில் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதிலிருந்து அக்கறையும் உரித்தும் பிறந்தன. வட்டி வந்த வழி வேறு. ஐரோப்பாவில் கிறிஸ்தவத் திருச்சபை வட்டியைத் தடைசெய்திருந்த காலத்தில், கடனைக் காலம் தவறிக் கொடுத்ததால் கடன் கொடுத்தவருக்கு ஏற்பட்ட நட்டத்துக்கான ஈடு இந்தப் பெயரால் வழங்கியது. நாளடைவில் அது வட்டிக்கே பெயராயிற்று.

நமது மொழியிலும் இப்படி உண்டு. 'தவணை' என்கிறோம். பாடசாலைக்கு அது மூன்று மாதப் படிப்புக் காலம். கடன்காரருக்கு மாதக் கட்டணம். வழக்காளிக்கு நீதிமன்றம் குறித்த நாள். பிள்ளை தவணைப் பரீட்சை என்றால் எந்த வாப்பாவும் கடன் கட்டப் பணம் தேடுவதில்லை. சுற்றியுள்ள சொற்கள் கருத்தைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை என்பதுதான் குறை.

அந்தப் பழக்கத்தைப் பிறமொழியில் உழைத்துப் பெற்றவர்கள் நமது குடாநாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். உடுவில் என்றதும் 1824இல் தொடங்கிய மகளிர் கல்லூரிதான் பலருக்கு நினைவு வரும். அதே ஊரில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் இருவர் அகராதிக்காரர்கள். ஒருவர் லெவி ஸ்போல்டிங். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தரும் அகராதியில் உழைத்தவர். மற்றவர் மிரன் வின்ஸ்லோ. நல்லூரில் இருந்த நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொல் திரட்டைத் தொடர்ந்து, 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் தமிழ் – ஆங்கில அகராதியை 1862இல் சென்னையில் வெளியிட்டார். வளர்ந்த பின்னரே தமிழைக் கற்றவர்கள் இவர்கள். ஒரு சொல்லுக்குக் கீழே அதன் கருத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார்கள். நாம் செய்வது என்ன? அகராதியைத் திறந்து, முதற் கருத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறோம். நமது பத்திரத்துக்குரிய கருத்து நான்காவதாக இருந்தால்?

இன்ட்ரஸ்ட் என்ற சொல்லைப் பொறுத்தவரை எளிய வழி ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய சொல்லைப் பாருங்கள். 'ஒன்' என்று வந்து, பின்னால் கடனோ வைப்புப் பணமோ இருந்தால் பெரும்பாலும் வட்டி. 'இன்' என்று வந்து, பின்னால் காணி, கட்டடம், சரக்கு, கம்பனி இருந்தால் உரித்து அல்லது பங்கு. 'ஒஃப்' என்று வந்து, பின்னால் ஆளோ சமூகமோ இருந்தால் பெரும்பாலும் நலன். 'ரைட், டைட்டில்' என்ற சொற்களோடு சேர்ந்து வந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே நீங்கள் எழுதிக் கொடுப்பது அந்தச் சொத்தில் உங்களுக்குள்ள அனைத்தையும். தாய்வழி வந்த பங்கும் அதற்குள் அடங்கக்கூடும்.

வட்டியிலிருந்து விலகி நிற்பது நமது மார்க்கக் கடமை. அந்தப் பேணுதலே நமது உரித்தை இழக்கக் காரணமாகிவிடக் கூடாது. ஆங்கிலப் பத்திரம் எதுவானாலும் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தெரியாத சொற்களுக்கு மட்டுமல்ல, தெரியும் என்று நினைக்கும் சொற்களுக்கும் கீழே பென்சிலால் கோடிடுங்கள். எழுதியவரையே தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கடையில் ஒரு கிலோ சீனியை நிறுக்கும்போது தராசு முள்ளை இரண்டு தரம் பார்க்கிறோம். வீட்டையும் கடையையும் எழுதிக் கொடுக்கும்போது ஒரு சொல்லை இரண்டு தரம் பார்த்தால் என்ன?