லட்சம் கிலோமீட்டர் என்னும் பூச்சாண்டி

தெருவில் யாராவது பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றால் போதும், போகிறவர் வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். "லட்சத்தைத் தாண்டிருச்சு" என்று பதில் வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடும்: "கொடுத்துருங்க சார். இனிமே செலவு வெச்சுக்கிட்டே இருக்கும்." பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மைத்துனர் சொல்கிறார், பழைய கார் புரோக்கர் சொல்கிறார், ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் இருப்பவர் காபி கொடுத்துவிட்டுச் சொல்கிறார். கடைசி இருவருக்கும் அப்படிச் சொல்வதில் வருமானம் உண்டு. முதல் இருவரும் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

இன்ஜின் தேய்ந்துவிடும், பழுது வரிசையாக வரும், மைலேஜ் குறையும், சட்டம் ஓடவிடாது, இப்போது விற்றால்தான் விலை கிடைக்கும் என்று ஐந்து கூற்றுகள் இந்த ஒரே தீர்ப்புக்குள் இருக்கின்றன. சேர்ந்து வரும்போது மறுக்க முடியாதவைபோல் தெரிகின்றன.

முதலில் இன்ஜின். ஒன்றுக்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் வந்துவிட்டது என்பது இன்ஜினுக்குத் தெரியாது. நெடுந்தூரம் போகும் வாடகைக் கார்கள் இரண்டு லட்சம், மூன்று லட்சம் ஓடிய பிறகும் அதே இன்ஜினோடு போய்க்கொண்டிருக்கின்றன. நன்றாகச் சூடேறிய இன்ஜின் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது தேய்மானம் குறைவு. காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைக் கிளப்பி, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் பிள்ளையை இறக்கிவிட்டு, சூடேறும் முன்பே அணைப்பதுதான் அதைத் தின்கிறது. ஆகவே தி.நகருக்குள்ளேயே நாற்பதாயிரம் ஓடிய காரைவிட, திருச்சி சாலையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடிய காரின் இன்ஜின் திடமாக இருக்கலாம். ஓடோமீட்டர் தூரத்தைத்தான் சொல்லும். ஆயிலை ஒழுங்காக மாற்றினார்களா என்று சொல்லாது.

தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது, ஆனால் பார்ப்பதில்லை. கொஞ்சம் நீலப்புகை வந்தாலே, "ரிங் போயிருச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று விடுகிறார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால், அது பெரும்பாலும் வால்வு சீல். பல இன்ஜின்களில் இதை இன்ஜினை இறக்காமலேயே மாற்றலாம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்து வந்தால்தான் ரிங் மீது சந்தேகம் வரவேண்டும். டர்போ உள்ள வண்டியென்றால் டர்போ சீலையும் பார்த்தாக வேண்டும். சில வண்டிகளில் பி.சி.வி. வால்வு என்ற சின்னப் பாகம் அடைத்துக்கொண்டாலே ஆயில் குறையும். சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷன் அளந்து பார்த்துவிட்டு ரிங் என்று சொன்னால் நம்பலாம். புகையை மோந்து பார்த்துச் சொன்னால் வேறு மெக்கானிக்கிடம் போகலாம்.

அடுத்தது, பழுது வரிசையாக வரும் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. புஷ், பேரிங், பேட்டரி, கிளட்ச், டயர் எல்லாம் தேயவே செய்யப்பட்டவை. புது வண்டியிலும் அவற்றுக்கு முறை வரும். ஆனால் பழைய வண்டிக்காரர் கட்டும் பில்லில் பெரும்பகுதி தேய்மானத்துக்கானது அல்ல, ஊகத்துக்கானது. எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். சத்தம் நிற்கும்வரை நாம் பணம் கட்டுகிறோம். கடைசியில், "வண்டி பழசு சார்" என்ற விளக்கம் கிடைக்கிறது.

சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் ஷாக் அப்சார்பர் ஜோடியாக மாற்றும் எஸ்டிமேட் வரும். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மட்டும் அந்தச் சத்தம் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும். அவை ஷாக் அப்சார்பரைவிட மலிவு. நிறுத்திய வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலே 'டங்' என்று அதிர்ந்தால் ஸ்ட்ரட் மவுன்ட். முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'கடக் கடக்' என்றால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். வேகம் கூடக்கூட ஒரு ரீங்காரம் கூடிக்கொண்டே போனால் வீல் பேரிங்கோ டயரோ. காலியான சாலையில் லேசாக இடமும் வலமும் ஒடித்துப் பார்க்கும்போது சத்தம் மாறினால் பேரிங் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. எண்பதில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று குறித்துக் கொடுத்தால் நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் செலவின் ஆரம்பம்.

இன்ஜின் சூடாவதும் அப்படித்தான். டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டால் உடனே ஹெட் காஸ்கெட் என்று பயமுறுத்துவார்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேனோ அதன் ரிலேவோ வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் கூலன்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப்பும் போயிருக்கலாம். கூலன்ட் வெளியே ஒழுகாமலேயே குறைந்துகொண்டு, இன்ஜினைக் கிளப்பியதுமே டேங்கில் குமிழி விட்டு, வெள்ளைப்புகையும் அடங்காமல் வந்தால் அப்போது ஹெட் காஸ்கெட்டைப் பேசலாம். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி உப்பு படியவிட்டது வண்டியின் வயதுக் குற்றமல்ல.

"ஸ்கேனரே சொல்லிருச்சு சார்" என்பது இப்போதைய ஆயுதம். ஸ்கேனர் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, அறிகுறியைத்தான் சொல்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று அதற்குத் தெரியாது. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் புதுக் காயில் வாங்கியிருந்தால் வீண். காசில்லாத சோதனை இது. அதேபோல் பி0420 வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வார்கள், பெரிய பில். சைலன்சர் குழாயில் ஒரு சின்னக் கசிவோ, ஆக்சிஜன் சென்சாரின் கோளாறோ அதே கோடைத் தரலாம் என்பதை அந்த பில் சொல்லாது.

மூன்றாவது, மைலேஜ். "முன்னே பதினெட்டு கொடுத்துச்சு, இப்போ பதினாறுகூட வரல, வயசாயிருச்சு" என்கிறார்கள். வண்டி மட்டுமா மாறியிருக்கிறது? பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2025 முதல் நாடெங்கும் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. இது தவிர, பிரேக் காலிப்பர் பின் இறுகி டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அதுதான். இன்னொன்று நம்மூர்ப் பழக்கம். "நம்ம வெயிலுக்கு எதுக்கு" என்று சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இன்ஜின் உரிய சூட்டை எட்ட நேரமாகும், கம்ப்யூட்டர் அது இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். பழி வண்டியின் வயது மேல்.

சரி, மைலேஜ் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பழையது லிட்டருக்கு 16, புதியது 20. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் 625 லிட்டருக்குப் பதில் 500 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மிச்சம் 12,500 ரூபாய்.

இந்த மிச்சத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்? ஷோரூம் விலை 7 லட்சம் உள்ள காரை எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட வைத்திருக்கும் தேய்மான அட்டவணையின்படி, ஓராண்டு நிறைவதற்குள் 15 விழுக்காடு போய்விடுகிறது, நான்கைத் தாண்டி ஐந்தாம் ஆண்டில் 50. ஆக ஐந்தாண்டில் மூன்றரை லட்சம், ஆண்டுக்கு 70,000. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு காரின் ஆயுள் வரி 12 விழுக்காட்டில் தொடங்குகிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20. நம் காருக்கு அது முக்கால் லட்சத்தைத் தாண்டும், ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 15,000. ஆறு லட்சத்தை 9 விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 12,450. வட்டி மட்டும் ஏறத்தாழ 1.47 லட்சம், ஆண்டுக்கு 29,000. மூன்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,14,000. இன்னும் ஒரு சொட்டு பெட்ரோல் போடவில்லை.

பழைய காரின் பக்கமும் நியாயமாக எழுதுவோம். அதன் மதிப்பு ஆண்டுக்கு 25,000 குறைகிறது, கூடுதல் பெட்ரோல் 12,500. கழித்தாலும் 76,500 மிஞ்சுகிறது. அதாவது புது வண்டியின் சர்வீஸ் செலவுக்கு மேல் ஆண்டுதோறும் எழுபத்தாறாயிரத்தைப் பழைய வண்டி வொர்க்‌ஷாப்பில் தின்றால்தான் கணக்கு சமமாகும். கிளட்ச், நாலு டயர், பேட்டரி, முன்பக்க சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றினாலும் சின்னக் காருக்கு இந்தத் தொகை பெரும்பாலும் தாங்கும். அடுத்த ஆண்டு அதையெல்லாம் மறுபடி மாற்றப்போவதில்லை. வொர்க்‌ஷாப் பில் ஒரே நாளில் ரொக்கமாகப் போவதால் வலிக்கிறது. தேய்மானத்துக்கு யாரும் பில் கொடுப்பதில்லை. 'இப்போதே விற்றால்தான் விலை' என்ற வாதத்துக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. விலை வேகமாகச் சரிவது முதல் ஐந்தாண்டில். எட்டு வயது வண்டியை ஒன்பதாம் வயதில் விற்பதால் இழப்பது, புது வண்டி முதலாண்டில் இழப்பதைவிடக் குறைவு.

சட்டத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பத்தாண்டு டீசல், பதினைந்தாண்டு பெட்ரோல் என்ற தடை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தாலும் 2018-இல் உச்ச நீதிமன்றத்தாலும் வந்தது டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு. தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டு. பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரியும் உண்டு. புது வண்டியின் ஒரு மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

விற்கச் சொல்பவர்கள் எப்போதுமே தவறு என்று சொல்ல வரவில்லை. வெள்ளத்தில் டாஷ்போர்டு வரை மூழ்கிய வண்டியில் வயரிங் பழுது ஓயாது. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கியவற்றை வைத்துப் போராடுவது வீண். கடலோர ஊர்களில் அடித்தளம் துருவேறிய வண்டிக்கும் அதேதான். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல்போல டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில், உரிய காலத்தில் பெல்ட்டை மாற்றாமல் அறுந்துவிட்டால் வால்வுகள் வளைந்து பெரும் செலவாகும். 2017 இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திய செவ்ரலேயில் சில பாகங்களுக்கு அலைய வேண்டிவரலாம்.

இவற்றையெல்லாம்விட வலுவான காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. 2012-இல் வாங்கிய அடிப்படை வேரியன்ட்டில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாமல் இருக்கலாம். நம் நாட்டில் ஏ.பி.எஸ்.ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமானது 2019-இல்தான். அந்த வண்டியில் பிள்ளைகளோடு நாலுவழிச் சாலையில் நூறில் போகிற ஒருவர், பாதுகாப்புக்காக வண்டியை மாற்றுகிறேன் என்றால் மேலே போட்ட கணக்கு அவருக்குச் செல்லாது. அவர் கேட்க வேண்டியது புது வண்டிக்கு பாரத் என்கேப் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறது, தான் வாங்கும் வேரியன்ட்டில் ஏர்பேக் எத்தனை என்பதைத்தான். பழைய வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அல்ல.