சேர்ந்து படித்தால் குற்றமா?

2008-இல் கனடாவின் டொராண்டோவில், அன்று ரயர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில், முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரை வெளியேற்றவே பார்த்தார்கள். செய்த குற்றம்? வேதியியல் வீட்டுப்பாடம் பற்றிப் பேச 146 பேர் சேர்ந்திருந்த பேஸ்புக் குழுவை நிர்வகித்தாராம்!

தனித்தனியாகச் செய்யச் சொல்லியிருந்தார் ஆசிரியர். சரி, மீறல்தான். ஆனால் அதே கேள்விகளை நாலு பேர் நூலக மேசையில் உட்கார்ந்து பேசினால் யாரும் விசாரணை வைப்பதில்லையே? பேஸ்புக்கில் பேசியது எழுத்தாக நின்றுவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். காப்பியடிக்கிறவன் சொந்தப் பெயரும் போட்டோவும் போட்டுக்கொண்டா அடிப்பான்?

கடைசியில் வெளியேற்றவில்லை, வீட்டுப்பாடத்துக்கான 10 சதவீத மதிப்பெண்ணில் பூஜ்யம் போட்டார்கள். அந்தக் குழுவை ஆசிரியரே ஒருமுறை உட்கார்ந்து படித்திருந்தால், பிள்ளைகள் எந்தக் கேள்வியில் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்திருக்கும். அடுத்த வகுப்பை அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.