ரெண்டு சட்டை, அஞ்சு நாள்!

ஐ.வி. கிளம்பறீங்களா? பஸ்ஸுல எந்தப் பாட்டு, எந்த ஸ்பாட்ல போட்டோன்னு எல்லாமே ப்ளான் பண்ணியிருப்பீங்க. மூணாவது நாள் உங்க பேக் என்ன வாடை அடிக்கும்னு யோசிச்சீங்களா? நான் யோசிக்கலை. அதுக்கான விலையைக் கொடுத்தது இன்னொருத்தன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

மெக்கானிக்கல், மூணாவது வருஷம். பெங்களூரு, மைசூரு, மடிக்கேரின்னு அஞ்சு நாள் ட்ரிப். நான் பளபளன்னு 7 ஜெர்ஸி டி-ஷர்ட்டோட ஏறினேன். பக்கத்து சீட் நண்பன்கிட்ட ரெண்டு காட்டன் சட்டை, ஒரு ஜீன்ஸ், ஒரு துண்டு. அவ்வளவுதான். பஸ் டோல்கேட் தாண்டறதுக்குள்ள அவனுக்கு 'ரெண்டு செட்டு'ன்னு பேர் வெச்சாச்சு. வெச்சது யாரு? அடியேன்தான்!

மூணாவது நாள் மடிக்கேரியில மழை. ஜன்னலை எல்லாம் சாத்தினதும் பஸ்ஸுக்குள்ள ஒரு வாடை பாருங்க... "டேய் ரெண்டு செட்டு, சட்டையை மாத்துடா!"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரிச்சுது. நானும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்வெட்டர் எடுக்க என் பேக்கைத் திறந்தேன். ஈரத் துண்டு ஒரு பிளாஸ்டிக் கவர்ல, அதுமேல வியர்வையோட சுருட்டி வெச்ச 3 ஜெர்ஸி. குப்புன்னு அடிச்சுது. நண்பன் மெதுவா, "மூடுடா, யாரும் பாக்கலை"ன்னான். நானும் மூடிட்டேன். பேக்கையும், வாயையும்.

அன்னிக்கு ராத்திரி ரூம்ல, "எப்படிடா உன் சட்டை மட்டும் நாறலை?"ன்னு கேட்டேன். "எங்கப்பா லாரி ஓட்டறாரு. ரெண்டு சட்டையோட டெல்லி போய்ட்டு வருவாரு. அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்"ன்னான்.

அவன் செஞ்சது இதுதான். நோட் பண்ணிக்குங்க பாஸ்!

கழட்டின சட்டையை மடிக்கவே மாட்டான். உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி, ஃபேனுக்குக் கீழே விரிச்சுப் போட்டுடுவான். காரணம் சிம்பிள். புது வியர்வைக்குப் பெருசா வாடையே கிடையாது. நம்ம தோல்ல இருக்கற பாக்டீரியா அதைச் சாப்பிட்டு உடைக்கும்போதுதான் நாத்தம் கிளம்பும். ஈரமும் கதகதப்பும் இருந்தா அதுங்களுக்குக் கொண்டாட்டம். காய வெச்சுட்டா ஆட்டம் க்ளோஸ்!

சட்டைக்குள்ள எப்பவும் காட்டன் பனியன். வியர்வையை முதல்ல வாங்கறது அதுதான். தினமும் பனியனையும் சாக்ஸையும் மட்டும் அலசுவான். பிழிஞ்ச பனியனைக் காய்ஞ்ச துண்டுல வெச்சுச் சுருட்டி, இன்னொரு முறுக்கு. பாதி ஈரத்தைத் துண்டு குடிச்சிடும். மீதி காலையில காணாமப் போயிடும். சட்டையில காலர், அக்குள் பக்கம் மட்டும் கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்ச்சு, ஈரத் துணியால துடைச்சு விடுவான்.

போட்ட துணிக்குத் தனியா ஒரு துணிப் பை. பிளாஸ்டிக் கவருக்கு ஸ்ட்ரிக்ட்லி நோ! பாடி ஸ்ப்ரே அடிச்சா போதுமேன்னு நினைக்காதீங்க. நாறுற சட்டை மேல அடிச்சா ரெண்டு வாடையும் கூட்டணி வெச்சுக்கும்.

சரி, 7 டி-ஷர்ட் இருந்தும் நான் ஏன் மாட்டினேன்? பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழக ஆட்கள் 26 பேரை சைக்கிள் மிதிக்க வெச்சு, அவங்க டி-ஷர்ட்டுகளை மறுநாள் மோந்து பார்க்க வெச்சிருக்காங்க (பாவம் அந்த மூக்குகள்!). 2014-ல வெளியான முடிவு: காட்டனைவிட பாலியஸ்டர்தான் அதிகம் நாறுது. என் ஜெர்ஸி அத்தனையும் பாலியஸ்டர்!

ஜீன்ஸ் பத்திக் கவலைப்படாதீங்க. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருத்தர் ஒரே ஜீன்ஸைத் துவைக்காம 15 மாசம் போட்டாரு. அப்புறம் துவைச்சு, 13 நாள் போட்டுப் பார்த்தா பாக்டீரியா எண்ணிக்கை கிட்டத்தட்ட அதே அளவு! 2011-ல வந்த செய்தி இது. அதுக்காக உள்ளாடையில ட்ரை பண்ணிடாதீங்க. அதை தினமும் மாத்தியே ஆகணும். அரிப்பு, படர்தாமரை இருந்தா சட்டையையும் தினம் துவைச்சுடுங்க. அடுத்தவங்க துணியை வாங்கிப் போடவும் வேண்டாம்.

ட்ரிப் முடிஞ்சு வந்தும் அந்தப் பேர் போகலை. க்ளாஸ்ல இன்னும் அவனை 'ரெண்டு செட்டு'ன்னுதான் கூப்பிடறாங்க. மடிக்கேரி பஸ்ஸுல நாறினது யார் பேக்னு இன்னிவரைக்கும் அவன் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை.

அதனால நானே சொல்லிடறேன். நாறினது என் பேக்தான் மக்களே. ஸாரி மச்சான்!