ஐந்து காசு சொல்லும் பாடம்

சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். நெகிழிப் பையின் கேடு அதற்கு முன்பே நமக்குத் தெரியும். தொடக்கப்பள்ளியிலிருந்தே அதைப் பற்றிச் சுவரொட்டி வரைந்திருக்கிறோம், கட்டுரை எழுதியிருக்கிறோம். ஆனாலும் பலரைச் சொந்தப் பை எடுத்துச்செல்ல வைத்தது அந்த 5 காசுதான்.

பசுமைப் பொருள்களை இளையர்கள் வாங்குவதற்கும் வாங்காததற்கும் இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன். நம்மிடம் விழிப்புணர்வு குறைவில்லை. கைச்செலவுப் பணம்தான் குறைவு. மறுசுழற்சித் தாளில் செய்த குறிப்பேடு ஒரு வெள்ளி கூடுதல் என்றால் கை தயங்கும். விலை ஒன்றாக இருந்து, பள்ளிக் கடையிலேயே கிடைத்தால் தயக்கம் இருக்காது. 2024ல் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டதும் மின்சிக்கனச் சாதனங்களின் விலையை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவரத்தான்.

விலைக்கு அடுத்து நண்பர்கள். வகுப்பில் நால்வர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தால் ஐந்தாமவரும் கொண்டுவருவார். இது விளம்பரம் செய்பவர்களுக்கும் தெரியும். புதிய வண்ணத்தில் போத்தல், புதிய படத்துடன் துணிப்பை என்று நம்மை ஈர்ப்பார்கள். துணிப்பை செய்யவும் பருத்தி, தண்ணீர், மின்சாரம் தேவை. பலமுறை பயன்படுத்தினால்தான் அந்தச் செலவு ஈடாகும். வீட்டில் பத்துப் பை தொங்கும்போது பதினொன்றாவதை வாங்குவது பசுமை ஆகாது.

மூன்றாவது, நம்பிக்கை. 'இயற்கையின் நண்பன்' என்று பச்சை எழுத்தில் அச்சிடுவது எளிது. சிங்கப்பூர் சுற்றுச்சூழல் மன்றத்தின் பசுமை முத்திரைத் திட்டம் 1992லிருந்து இருக்கிறது. பொருளை எடுக்கும்போது அந்த முத்திரை உள்ளதா என்று பார்க்கலாம். வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது, 'டிக்' குறி அதிகமுள்ளது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று பெற்றோரிடம் எடுத்துச்சொல்லலாம்.

நமது குப்பையை எரித்த சாம்பல் சென்றுசேரும் செமக்காவ் நிலநிரப்புத் தளம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அப்போது நாம் வேலைக்குச் சென்று, சொந்த வீட்டுக்குத் திட்டமிட்டுக்கொண்டிருப்போம். அந்தச் சிக்கல் நம் தலைமுறையின் கையில்தான் வந்துசேரும்.

எனவே, மாணவர் மன்றங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த சுற்றுச்சூழல் வாரத்தில் இன்னொரு சுவரொட்டி வேண்டாம். சொந்தப் பாத்திரம் கொண்டுவருவோருக்கு 10 காசு கழிவு தரமுடியுமா என்று உணவகக் கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.