ஃபெஸ் நகரச் சந்துகளில் ஒரு நாள்: கைடிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்!

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்கு டிக்கெட் போட்டாச்சா? அடுத்து நல்ல கைடு ஒருவரைப் பிடியுங்கள். பழைய நகரத்தின் சந்துகளில் செல்போன் மேப் திணறிவிடும். உள்ளே கார் நுழையாது. சரக்கு சுமப்பது கோவேறு கழுதைதான். பின்னாலிருந்து 'பலாக்!' என்று குரல் வந்தால் சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள்.

அரசு அடையாள அட்டை வைத்திருக்கும் கைடைத் தங்கும் விடுதி மூலமே ஏற்பாடு செய்யலாம். வாசலில் நின்று, "வாங்க, நான் காட்டுறேன்" என்று ஒட்டிக்கொள்பவர்களிடம் கவனம். அவர்கள் கூட்டிப்போகும் கடையில் நீங்கள் வாங்குவதில் அவர்களுக்கும் கமிஷன் உண்டு. அட்டை உள்ளவரிடமும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ரேட், எத்தனை கடை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 'கம்பளக் கடை வேண்டாம்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அரை நாள் டூரில் ஒரு மணி நேரம் அங்கே புதினா டீயோடு போனால், மியூசியம் அம்போதான்!

பாப் பூ ஜலூத் வாசலில் தொடங்குங்கள். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. அங்கிருந்து பாதை கீழ்நோக்கி இறங்குவதால் தாத்தா, பாட்டிக்கும் மூச்சு வாங்காது. முதலில் 14-ம் நூற்றாண்டின் பூ இனானியா மதரஸா. சுவரில் கீழே வண்ண ஓடுகள், நடுவே செதுக்கிய சுண்ணச்சாந்து, மேலே தேவதாரு மரம். அவசரப்படாமல் அண்ணாந்து பாருங்கள்.

அடுத்து நெஜ்ஜாரின் மர வேலைப்பாட்டு மியூசியம். ஒரு காலத்தில் வணிகர்கள் தங்கிய சத்திரம் இது. காட்சிப்பொருள்களைவிடக் கட்டடமே அழகு!

கி.பி. 859-ல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவியதாகச் சொல்லப்படும் அல் கராவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. திறந்திருக்கும் கதவு வழியே முற்றத்தைப் பார்க்கலாம்.

ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை, சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். தோலை மென்மையாக்கப் புறா எச்சம் சேர்ப்பதால் நாற்றம் குடலைப் பிடுங்கும். கையில் தரும் புதினாக் கொத்தை மூக்கோடு பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பை வாங்கச் சொல்வார்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. சின்ன டிப்ஸ் போதும்.

வெள்ளிக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், அன்று இந்த டூர் வேண்டாம். திரும்ப மேடேறாமல் ர்சீஃப் சதுக்கத்தில் முடித்தால் அங்கேயே டாக்ஸி கிடைக்கும். சிவப்பு நிற 'பெத்தி டாக்ஸி'யில் மூன்று பேருக்குத்தான் இடம். நான்கு பேர் குடும்பம் என்றால் இரண்டு வண்டிக்குச் சில்லறை திர்ஹாம் எடுத்து வையுங்கள்.